பதினாலாவது பிரசவம்

தாஜ்மஹால் ஒரு சமாதி என்கிற விஷயம் ஆரணிப் பக்கத்தில் யாருக்கும் பெரிதாக உறைத்ததில்லை. பேன்சி ஸ்டோரில் கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் பல்பு போட்டு விற்கிறார்கள். கல்யாண மேடையில் தெர்மாகோலில் வெட்டி நிறுத்துகிறார்கள். மணவாளனே ஒருமுறை முந்தானை முழுக்கத் தாஜ்மஹால் விழுகிற மாதிரி ஒரு பட்டுப்புடவை நெய்து கொடுத்திருக்கிறான். அதைக் கட்டிக்கொண்டுதான் ஒரு பெண் மணவறையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாம் விவரமாகத்தான் போட்டிருந்தது. பரீட்சை முடிந்த மறுநாளே புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டால் அதெல்லாம் எங்கே மண்டையில் நிற்கப்போகிறது?

அதனால்தான் மணவாளன் தன் மனைவி எழிலரசியைச் சந்தோஷமாக அங்கே கூட்டிக்கொண்டு போனான். அவள் பிள்ளை உண்டாகியிருந்தாள். அது தெரிந்தேதான் கூட்டிப் போனான்.

அவர்கள் டெல்லிக்கு வந்தது கைத்தறிக் கண்காட்சிக்கு. நெசவாளர் சங்கத்தில் மணவாளனுக்கு ஒரு கடை ஒதுக்கியிருந்தார்கள். புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டுவதற்குப் பெண் ஒருத்தி வேண்டும் என்று எழிலரசியையும் அழைத்து வந்தான். ஆறு வயது மகள் இனியாவை ஆரணியை ஒட்டிய சேவூரில் அவன் அம்மா கன்னியம்மாளிடம் விட்டிருந்தார்கள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமாக ஒரு அறையில் இருந்தது அந்த டெல்லி லாட்ஜில்தான். சேவூர் வீட்டில் மூன்று தறி. பகலில் எது பேசினாலும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். தறி நின்றால் தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் விழித்துக்கொண்டிருப்பார். ரகசியம் என்று ஒன்றை வைத்துக்கொள்ள அந்த வீட்டில் இடமே கிடையாது.

எழிலரசியிடம் இப்போது இருந்தது அப்படிப்பட்ட ஒரு ரகசியம். இனியா பிறந்தபோது அவள் செத்துப் பிழைத்தவள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, சிறு வயதில் வந்த காய்ச்சலின் வேலை அது, இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று வேலூரில் டாக்டரம்மா நேருக்கு நேர் சொல்லிவிட்டார். தப்பித்தவறி உண்டாகிவிட்டால் நாள் கடத்தாமல் வந்துவிடு என்றும் சொன்னார். கருத்தடை ஆபரேஷனுக்கு ஒவ்வொரு வருஷமும் பேச்சு எடுப்பாள். ஒவ்வொரு வருஷமும் மணவாளன், "பாக்கலாம் எழிலு, இப்ப இன்னா அவசரம்" என்பான். அம்மாவுக்குப் பேரன் வேண்டும் என்பதை அவன் வாயால் சொல்லமாட்டான். சொல்லாமல் விட்டால் அது பாவமில்லை என்று அவனுக்கு ஒரு கணக்கு.

மணவாளன் கெட்டவன் இல்லை. அதுதான் இதில் பெரிய சங்கடம். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடமாட்டான். அடித்து உதைக்கிறவனாக இருந்தால் சந்தவாசலில் இருக்கிற அப்பா வீட்டுக்கு எப்போதோ போயிருப்பாள். நல்லவனிடமிருந்து எங்கே போவது, என்ன சொல்லிவிட்டுப் போவது?

லாட்ஜில் ஒரு காலையில் மருந்துக்கடைப் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. அவனிடம் காட்டினாள். அவன் முகம் முதலில் மலர்ந்தது, அதை அவள் பார்த்துவிட்டாள். பிறகுதான் அவனுக்கு டாக்டரம்மா ஞாபகம் வந்தது.

"அம்மா காதுல இப்ப போட வேணாம்," என்றான். "ஊருக்குப் போயி, வேலூர்ல காட்டிட்டு, இன்னா சொல்றாங்களோ பாக்கலாம்."

அது பாதி சம்மதம். அவளுக்கு முழுச் சம்மதம் வேண்டும். கருவைக் கலைக்க உன் கையெழுத்து ஒன்றே போதும் என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதான். கையெழுத்து போதும். ஆனால் ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவள் தனியாக வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலே தெரிந்தவர்கள் நான்கு பேர் வந்து விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருப்பது யார், திரும்பி வந்து படுப்பது எந்த வீட்டில்? அவன் கூட நின்றால் மட்டும்தான் அது நடக்கும். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி ஆற்றைத் தாண்டினால் வேலூர் வந்துவிடும். ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே, மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே முடித்துக்கொண்டுவிடலாம். ஆரணி வருவதற்குள் அவன் வாயிலிருந்து சரி என்ற ஒரு சொல் வர வேண்டும். அவள் உயிர் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

கண்காட்சி முடிந்ததும் ஆக்ராவுக்குப் போகலாம் என்றான் மணவாளன். "இவ்ளோ தூரம் வந்துட்டு தாஜ்மஹால் பாக்காம போனா ஊர்ல சிரிப்பாங்க." அவளும் ஒத்துக்கொண்டாள். அங்கே எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து பேசிவிடலாம் என்று நினைத்தாள்.

வாசலில் ஒரு கைடு பையன் தொற்றிக்கொண்டான். தமிழ்நாட்டு டூரிஸ்டுகளிடம் பொறுக்கிய தமிழ் அவனுக்குத் தெரியும். "அண்ணா, அக்கா, வாங்கோ, நம்ம தமிழ்ல சொல்றேன், எல்லாம் சொல்றேன்," என்றான். கட்டடத்துக்கு உள்ளே போவதற்குத் தனி டிக்கெட் என்றார்கள். மணவாளன் தாராளமாக அதையும் வாங்கினான். டிக்கெட்டில் இங்கிலீஷிலும் இந்தியிலும் என்னவோ அச்சடித்திருந்தது. அவன் படிக்கவில்லை, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டான்.

சிவப்புக் கல் வாசலைத் தாண்டியதும் அது கண்ணில் விழுந்தது. எழிலரசி அப்படியே நின்றுவிட்டாள். பொம்மையிலும் தெர்மாகோலிலும் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவு பெரிய ஒன்று எப்படி இவ்வளவு லேசாக நிற்கிறது என்று தோன்றியது. ஒரு நிமிஷம் தன் வயிற்றைக்கூட மறந்துபோனாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவளுக்கு அந்த இடத்தின்மேல் ஒரு நன்றி உண்டானது.

"பொண்டாட்டி மேல அவ்ளோ ஆசை," என்றான் மணவாளன், தானே கட்டியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி. "நானும்தான் உன்மேல வச்சிருக்கேன். கட்டத்தான் காசு இல்ல."

அவள் சிரித்தாள். காலுக்குத் துணி உறை மாட்டிக்கொண்டு படியேறும்போது பாதியில் மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் ஓடி வந்து முதுகைத் தடவிவிட்டான். அவன் கவலைப்பட்டதும் நிஜம்தான்.

உள்ளே இருட்டும் ஜனமும். சலவைக்கல்லில் கலர்க் கல் பதித்த பூக்களைப் பார்த்து மணவாளனுக்கு நெசவு ஞாபகம் வந்துவிட்டது. "இந்தப் பூவை அப்படியே புடவையில புட்டாவா எறக்கலாம் எழிலு," என்று குனிந்து குனிந்து பார்த்தான். அப்போதுதான் கைடு நடுவே இருந்த வேலைப்பாட்டுத் தடுப்பைக் காட்டி, "உள்ள பாரு அண்ணா. சின்னது ராணி சமாதி. பக்கத்துல பெரிசு ராஜா சமாதி," என்றான்.

மணவாளன் நிமிர்ந்தான். "சமாதின்னா? சும்மா பேருக்கா?"

"இது மேல உள்ளது சும்மா காட்டுறதுக்கு. அசல் கீழ இருக்கு, நேரா கீழ. பாடி அங்க."

மணவாளன் தன் காலடியைப் பார்த்தான். எழிலரசி அவனைக் கவனிக்கவில்லை. அவள் கைடைக் கேட்டாள்: "ராணி எப்படிச் செத்தாங்க?"

கைடுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் அதைக் கேட்பதில்லை போலிருக்கிறது. எல்லாரும் எத்தனை வருஷம், எத்தனை ஆள், எத்தனை யானை என்றுதான் கேட்பார்கள். அவன் விரலை மடக்கிச் சொன்னான். ராஜா போருக்குப் போனால் ராணியும் கூடவே போவாள், வயிற்றில் பிள்ளையோடும் போவாள். ராஜாவுக்கு அவளைப் பிரிந்து இருக்க முடியாது. இங்கிருந்து ரொம்ப தூரத்தில், புர்ஹான்பூர் என்கிற ஊரில், படை தங்கியிருந்த இடத்தில் பிரசவ வலி வந்தது. விடிய விடிய வலி. பெண் குழந்தை பிறந்தது, ராணி செத்துப்போனாள். "அது பதினாலாவது பேபி, அக்கா. பதினாலு! பத்தொன்பது வருஷக் கல்யாணத்துல. ஏழுதான் உயிரோட நின்னது. அங்கயே ஒரு தோட்டத்துல புதைச்சு, அப்புறம் எடுத்து இங்க கொண்டுவந்தாங்க. ராஜா அழுது அழுது முடி பூரா வெள்ளை ஆயிட்டது."

எழிலரசி தடுப்பை ஒட்டிப் போய்க் கேட்டாள்: "எந்த வைத்தியரும் ராஜாகிட்ட சொல்லலையா? போதும்னு?"

கைடு சிரித்தான். "ராஜாகிட்ட யாரு சொல்லுவா அக்கா? லவ்! அவ்ளோ லவ்!"

பின்னால் வந்த கூட்டம் அவர்களை நெட்டித் தள்ளியது. தடுப்பைச் சுற்றி நகர்ந்துகொண்டே அவள் அந்தச் சின்ன சமாதியைப் பார்த்தாள். சந்தவாசல் போகிற ரோட்டில், புளியமரத்துக்கடியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு செத்தவளுக்காக நடுவது அது. போகிறவர்கள் வருகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கிவைத்தால், செத்தவளுக்கும் சுமை குறையும் என்று வைத்திருக்கிறார்கள். ஷாஜகானும் அதைத்தான் செய்திருக்கிறான், கொஞ்சம் வசதியாக. சுமையை ஏற்றியவனே கல்லும் நட்டிருக்கிறான், உலகம் அவனைக் கொண்டாடுகிறது. எழிலரசிக்கு எரிச்சலாக வந்தது. பதினாலு முறை படுத்து எழுந்தவளின் பெயரைவிட அவன் பெயர்தானே எல்லார் வாயிலும் வருகிறது.

வெளியே வந்து ஆற்றைப் பார்த்த பக்கம் ஒரு நிழலில் உட்கார்ந்தார்கள். மணவாளன் முகம் வெளுத்திருந்தது. கதை அவனை உலுக்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். தன்னால் இத்தனை வருஷம் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த ராணி ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டாள்.

"ஏங்க, கேட்டீங்க இல்ல? அந்தம்மாவுக்குச் சொல்ல ஆள் இல்ல. எனக்கு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. காட்பாடியில எறங்கி நேரா வேலூர் போயிடலாங்க. வூட்டுக்கு அப்புறம் போவலாம். எனக்கு பயமா இருக்குதுங்க. இனியா சின்னப் புள்ள."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "இரு, வந்துடறேன்," என்று எழுந்து போனான்.

தூரத்தில், வெள்ளைச் சுவர் ஓரமாக, அவன் போனில் பேசுவது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு பேசினான், நடுவில் கண்ணைத் துடைத்தான். ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்கிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அவன் திரும்பி வருகிற வரைக்கும் எழிலரசி பிழைத்துவிட்டதாகவே நம்பினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

வந்தவன் போனை நீட்டினான். "அம்மாகிட்ட பேசு."

"எந்த அம்மாகிட்ட?"

"எங்கம்மாகிட்டதான். சொல்லிட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் அழாத குறையாகச் சொன்னான்: "பிரசவத்துல செத்தவ சமாதி எழிலு அது. உள்ள வரைக்கும், அவ தலைக்கு மேல வரைக்கும் உன்னை இட்டுகினு பூட்டேன். புள்ளத்தாச்சியை சாவு வூட்டு வாசல் பக்கமே வுட மாட்டாங்களே. நான் டிக்கெட் வாங்கி இட்டுகினு போயிருக்கேன். இதுக்கு இன்னா பண்ணணும்னு எனக்கு இன்னா தெரியும்? வேற யாரைக் கேப்பேன்?"

அவன் பயந்தது பொய்யில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பயந்தான். அந்தப் பயத்தில்தான், அவள் உயிருக்கு இருந்த ஒரே வழியை அவன் அடைத்துவிட்டு வந்து நின்றான். ராணி எதனால் செத்தாள் என்பது அவன் காதில் விழவே இல்லை. ராணி அங்கே செத்துக் கிடக்கிறாள் என்பது மட்டும்தான் விழுந்திருந்தது.

போனில் கன்னியம்மாள் குரல் அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எங்கிட்டயே மறைச்சிட்டியேம்மா! சரி சரி, அழாத. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி இடுப்புல சொருகிக்கோ. யாரையும் தொடாம போயி தலைக்கு ஊத்திக்கோ. நான் படவேட்டம்மாவுக்கு வேண்டிகினு மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிட்டேன். எந்தச் செத்தவ ஆவியும் உன்னை அண்டாது."

"அத்தே, டாக்டரம்மா சொன்னாங்களே..."

"அது அப்ப. அப்ப நீ குச்சியா இருந்த. இப்ப ஒடம்பு தேறிட்ட. டாக்டருங்க சொல்றதெல்லாம் கேட்டா ஊர்ல ஒருத்தியும் புள்ள பெத்துக்க முடியாது." பின்னால் இரண்டு மூன்று பெண்களின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்குள் வந்துவிட்டிருந்தார்கள். "இரு, திலகவதி பேசணுமாம்," என்றார் கன்னியம்மாள். எழிலரசி போனை அவனிடமே கொடுத்துவிட்டாள்.

ஆக்ராவிலிருந்து ரயில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்தார்கள். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரணி பஸ் வெகுநேரம் நின்றது. மணவாளன் அவளுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு வந்தான்.

"இங்கயே எறங்கிடலாங்க," என்றாள். "காட்டிட்டாவது போவலாம்."

"இப்ப எப்படி எழிலு? தெரு பூரா தெரிஞ்சிபோச்சு. கலைச்சிட்டு வந்தா அம்மா உசிரை வுட்டுடும்." அவள் பக்கமாகத் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உனக்கு எதுனா ஆவ வுட்டுடுவனா? நான் இல்ல?" என்றான். மனதாரத்தான் சொன்னான். அவளுக்கு அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கோபப்பட இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்க வேண்டும். பஸ் கிளம்பியது.

வீட்டு வாசலிலேயே நிறுத்தி, பின்பக்கமாகக் கூட்டிப்போய், மஞ்சள் நீரைத் தலையோடு ஊற்றினார்கள். ஆலம் சுற்றிக் கொட்டினார்கள். கையில் ஒரு கயிறு கட்டினார்கள். தறிகளை நிறுத்திவிட்டுத் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஆளாளுக்கு அவள் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார்கள். தீட்டுக் கழிந்த தெம்பில் மணவாளனுக்கும் வாய் திறந்துகொண்டது. கேட்டவர்களுக்கெல்லாம் தாஜ்மஹாலைச் சொன்னான். வெள்ளைக் கல்லைச் சொன்னான், புட்டாவைச் சொன்னான், ராஜாவின் முடி வெளுத்ததைச் சொன்னான்.

"பதினாலு பெத்தாளாம்," என்றான்.

"பதினாலா!" என்றார் கன்னியம்மாள். "ராஜா கட்டாம இன்னா பண்ணுவான்? குடுத்து வச்ச மகராசி."

பெண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். எழிலரசி ஈரத்தலையோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில் ஒருத்தியாவது முகம் சுளிப்பாளா என்று பார்த்தாள். யாரும் சுளிக்கவில்லை.

அப்பா மடியில் உட்கார்ந்திருந்த இனியாதான் கேட்டாள். "அந்தம்மா செத்துட்டாங்க இல்ல? அப்புறம் அந்தப் பாப்பாவுக்கு யாரு தலை வாரிவுட்டாங்க?"

"ராஜா வூட்டுப் புள்ளைக்கு ஆளா இல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுத் திலகவதி. எல்லாரும் சிரித்தார்கள். இனியாவுக்குப் பதில் போதவில்லை, அவள் அம்மாவைப் பார்த்தாள். எழிலரசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. இனியா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ரிப்பனை வாயில் கவ்வியபடி வந்து அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எழிலரசி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, சீப்பைக் கையில் கொடுத்தாள்.

"நீயே பின்னு. நான் சொல்லித் தர்றேன்."

"எனக்கு வராதும்மா."

"வரும். மூணா பிரி. இது மேல அதைப் போடு. இறுக்கிப் பிடி."

பின்னல் கோணிக்கொண்டு வந்தது. எழிலரசி அதை அவிழ்த்துவிட்டாள். மறுபடியும் பின்னச் சொன்னாள், மறுபடியும் அவிழ்த்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது. வாசலில் ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடித்தது.

கன்னியம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இந்த ஜல்தி? ஆறு வயசுதான ஆவுது அதுக்கு? நீ பின்னி வுடேன்."

"கத்துக்கட்டும் அத்தே," என்றாள் எழிலரசி. மகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னொருவாட்டி," என்றாள்.